வலி நின்ற பிறகும் மருந்தா?

லாரி ஓட்டுநர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவருக்கு வயது ஐம்பது. கிள்ளான் துறைமுகத்திலிருந்து ஈப்போவுக்குச் சரக்கு ஏற்றிச் செல்பவர். ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு அவருடைய வலது காலின் பெருவிரலில் சுரீரென்று வலி எடுக்கிறது. விடிவதற்குள் விரலின் அடிமூட்டு சிவந்து வீங்கிவிடுகிறது. போர்வை பட்டாலே உயிர் போவது போல் இருக்கிறது. அந்தக் காலால் பிரேக்கை மிதிக்க முடியாது. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய வருமானமும் இல்லை.

கிளினிக்கில் பரிசோதித்த மருத்துவர், "இது கௌட்" என்கிறார். வலியைக் குறைக்க மாத்திரை தருகிறார். பத்து நாளில் வலி மறைந்துவிடுகிறது. பிறகு வேறொரு மாத்திரையை எழுதிக் கொடுத்து, அதைத் தினமும் உட்கொள்ள வேண்டும் என்கிறார். ஓட்டுநரும் உட்கொள்கிறார். மூன்றாவது வாரத்தில் மீண்டும் வலி! "இந்த மாத்திரையால்தான் வலி வந்தது" என்று முடிவு செய்து நிறுத்திவிடுகிறார். மனைவி வற்புறுத்தியதால் சில மாதங்கள் கழித்து மீண்டும் தொடங்குகிறார். இம்முறை சிறு வலிகளைப் பொறுத்துக்கொள்கிறார். பிறகு நெடுநாள் வலியே இல்லை. "வலிதான் நின்றுவிட்டதே, இன்னும் எதற்கு மாத்திரை?" என்று மறுபடியும் நிறுத்துகிறார். அடுத்த ஆண்டு வலி திரும்பி வருகிறது. இம்முறை பெருவிரலோடு நில்லாமல் கணுக்காலுக்கும் பரவுகிறது.

இவர் சோம்பேறி அல்லர், பிடிவாதக்காரரும் அல்லர். தம் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து இரண்டு முறை முடிவெடுத்தார். இரண்டு முடிவுகளுக்கும் காரணம் இருந்தது. ஆனால், இரண்டுமே தவறான முடிவுகள். ஏன் தவறு என்பதை அவருக்குப் புரியும்படி யாரும் அமர்ந்து விளக்கவில்லை. அப்படி அமர்ந்து விளக்கும் பணியைத் தாதியர் சிறப்பாகச் செய்ய முடியும் என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. நம் பெரியவர்கள் 'மிசி' என்று அழைக்கும் தாதியர், கௌட் நோயாளிகள் சிகிச்சையைக் கைவிடாமல் தொடர எவ்வாறு உதவுகிறார்கள் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கௌட் எவ்வாறு உண்டாகிறது?

கௌட் என்பது கீல்வாத நோய்களுள் ஒன்று. நம் உடலின் உயிரணுக்களிலும் நாம் உண்ணும் உணவிலும் பியூரின் என்னும் பொருள் இருக்கிறது. அது சிதையும்போது யூரிக் அமிலம் உண்டாகிறது. இந்த அமிலம் இரத்தத்தில் கலந்து, பெரும்பகுதி சிறுநீரகங்கள் வழியாகவும் மீதி குடல் வழியாகவும் வெளியேறுகிறது. உண்டாகும் அளவும் வெளியேறும் அளவும் ஒத்திருக்கும் வரையில் தொல்லை இல்லை. வெளியேறுவது குறையும்போது யூரிக் அமிலம் இரத்தத்தில் தேங்குகிறது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு குவளைத் தேநீரை நினைத்துப் பாருங்கள். அதில் சீனியைப் போட்டுக் கலக்கினால் கரையும். மேலும் மேலும் போட்டால் ஒரு கட்டத்தில் கரைவது நின்றுவிடும். மிகுந்த சீனி அடியில் தங்கும். இரத்தத்திலும் இதுதான் நடக்கிறது. யூரிக் அமிலத்தின் அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 400 மைக்ரோமோலைத் தாண்டினால், அது ஊசி போன்ற நுண்ணிய படிகங்களாக மாறி மூட்டுகளில் படியக்கூடும். குளிர்ச்சியான இடங்களில் இப்படிகங்கள் எளிதில் உருவாகும். இதயத்திலிருந்து தூரத்தில் இருக்கும் கால்விரல்கள் உடலின் மற்றப் பகுதிகளைவிடக் குளிர்ச்சியானவை. முதல் வலி பெரும்பாலும் பெருவிரலில் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படிகங்கள் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் மூட்டுக்குள் இருக்கலாம். உடலின் வெள்ளை அணுக்கள் அவற்றை அந்நியப் பொருளாகக் கருதித் தாக்கும்போதுதான் மூட்டு சிவந்து, வீங்கி, கடுமையாக வலிக்கிறது. ஓரிரு வாரங்களில் இந்தப் போர் அடங்கிவிடும். வலியும் நின்றுவிடும். ஆனால், படிகங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். கௌட் நோயைப் பற்றி நாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மை இதுதான்: வலி போவது வேறு; நோய் போவது வேறு.

கவனிக்காமல் விட்டால் வலி அடிக்கடி வரும். புதிய மூட்டுகளுக்கும் பரவும். காலப்போக்கில் விரல்கள், முழங்கை, காது மடல் ஆகிய இடங்களில் சுண்ணாம்பு போன்ற வெண்ணிறக் கட்டிகள் தோன்றலாம். மூட்டெலும்பு அரிக்கப்பட்டு விரல்கள் கோணலாகலாம். சிறுநீரகத்தில் கல் உண்டாகும் வாய்ப்பும் இருக்கிறது.

உணவு மட்டுமா காரணம்?

முற்காலத்து ஐரோப்பாவில் கௌட்டை 'அரசர்களின் நோய்' என்று அழைத்தனர். இறைச்சியும் மதுவும் மிகுதியாக உண்டு களித்தவர்களுக்கே இது வரும் என்பது அவர்களின் எண்ணம். அந்த எண்ணம் இன்றும் முழுமையாக மறையவில்லை. "வாயைக் கட்டாததால் வந்த வினை" என்று உறவினர்கள் கேலி செய்வதுண்டு. அதனால், நோயாளிகள் வலியை வெளியே சொல்லவே கூச்சப்படுகிறார்கள்.

உணவுக்குப் பங்கு உண்டு என்பது உண்மையே. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, ஈரல் போன்ற உள்ளுறுப்புகள், நெத்திலி, மத்தி போன்ற சில கடலுணவுகள், பீர் முதலிய மதுவகைகள், இனிப்பூட்டிய பானங்கள் ஆகியவை யூரிக் அமிலத்தைக் கூட்டுகின்றன. ஆனால், பெரும்பாலான நோயாளிகளுக்கு முதன்மையான காரணம் வேறு. அவர்களுடைய சிறுநீரகங்கள் யூரிக் அமிலத்தைப் போதிய அளவு வெளியேற்றுவதில்லை. இதில் மரபணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. தந்தைக்கு இருந்த கௌட் மகனுக்கும் வருவதை நாம் காண்கிறோம். எனவே, உணவுக் கட்டுப்பாடு நல்லதே என்றாலும், அது மட்டுமே பெரும்பாலோருக்குப் போதுமானதாக இருப்பதில்லை. பருப்பு, கீரை, காய்கறி ஆகியவற்றில் பியூரின் இருப்பதால் அவற்றையும் ஒதுக்க வேண்டும் எனச் சிலர் கூறுவர். காய்கறிகளில் உள்ள பியூரின் கௌட் வரும் வாய்ப்பைக் கூட்டவில்லை என்றே ஆய்வுகள் காட்டியுள்ளன.

கையில் மருந்து உண்டு

கௌட் நோய்க்கு நல்ல மருந்து இல்லாமல் இல்லை. அலோபூரினோல் என்னும் மருந்து 1960களிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர்களான கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் ஆகியோரின் உழைப்பில் உருவான மருந்துகளுள் இதுவும் ஒன்று. மருந்தாக்கத் துறையில் ஆற்றிய பணிக்காக அவ்விருவரும் 1988ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பிளாக் என்பவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

யூரிக் அமிலத்தை உண்டாக்கும் நொதியின் செயலை அலோபூரினோல் தடுக்கிறது. அதனால், இரத்தத்தில் யூரிக் அமிலம் குறைகிறது. தேநீர்க் குவளைக்கு மீண்டும் வருவோம். அடியில் சீனி தங்கிய குவளையில் வெந்நீரை ஊற்றினால் என்ன ஆகும்? தங்கிய சீனி மெல்ல மெல்லக் கரையும். அதுபோல, யூரிக் அமிலத்தின் அளவை லிட்டருக்கு 360 மைக்ரோமோலுக்குக் கீழே வைத்திருந்தால் புதிய படிகங்கள் உருவாகமாட்டா; பழைய படிகங்களும் கரையத் தொடங்கும். நம் நாட்டுச் சுகாதார அமைச்சு மருத்துவர்களுக்காக வெளியிட்ட வழிகாட்டியும் இந்த 360 என்னும் எண்ணையே இலக்காகக் காட்டுகிறது. வெண்கட்டிகள் தோன்றிய கடும் நோயாளிகளுக்கு இலக்கு 300 ஆகக் குறைக்கப்படுவதும் உண்டு.

படிகங்கள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தவை. அவை கரையவும் மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள் ஆகும். மருந்தை நிறுத்தினால் யூரிக் அமிலம் பழைய அளவுக்கே ஏறிவிடும். ஆகையால், இது நெடுங்காலச் சிகிச்சை.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. 2008ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளிட்ட ஏழு நாட்பட்ட நோய்களை ஒப்பிட்டது. சிகிச்சையின் முதல் ஆண்டில் எத்தனை பேர் மருந்தை முறையாகத் தொடர்ந்தார்கள் என்பதே கேள்வி. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் தொடர்ந்தனர். கௌட் நோயாளிகளிலோ ஏறத்தாழ 37 விழுக்காட்டினரே தொடர்ந்தனர். ஏழு நோய்களில் கடைசி இடம் கௌட்டுக்குத்தான்.

வழியில் இரண்டு பள்ளங்கள்

உயிர் போகும் வலியைத் தரும் நோய்க்கு மருந்து இருந்தும் மக்கள் ஏன் பாதியில் விடுகிறார்கள்? சிகிச்சைப் பாதையில் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. நம் லாரி ஓட்டுநர் இரண்டிலும் விழுந்தார்.

முதல் பள்ளம் தொடக்க மாதங்களில் இருக்கிறது. அலோபூரினோல் வேலை செய்யத் தொடங்கியதும் மூட்டில் படிந்த படிகங்கள் கரைந்து உதிரத் தொடங்குகின்றன. அப்போது வெள்ளை அணுக்கள் மீண்டும் கிளர்ந்தெழலாம், வலி வரலாம். பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த சாமான் அறையைக் கூட்டும்போது தூசி எழுவதில்லையா? தூசி எழுகிறது என்பதற்காகக் கூட்டுவதை நிறுத்தினால் அறை சுத்தமாகுமா? தொடக்கத்தில் வரும் வலியும் அத்தகையதே. ஆனால், அதை முன்கூட்டியே அறியாத நோயாளி மருந்தையே குற்றவாளி ஆக்கிவிடுகிறார். இந்த வலியைத் தடுக்க மருத்துவர்கள் அலோபூரினோலைக் குறைந்த அளவில், பெரும்பாலும் 100 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவர். முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை கொல்சிசின் என்னும் மருந்தையும் சிறு அளவில் சேர்த்துக் கொடுப்பதுண்டு.

இரண்டாவது பள்ளம் அதற்குப் பின்னால் வரும் அமைதியான காலம். தலைவலித்தால் மாத்திரை, தலைவலி போனால் மாத்திரையும் போயிற்று. நாம் சிறு வயதிலிருந்து பழகிய வழக்கம் இது. அந்த வழக்கப்படி பார்த்தால், வலியில்லாத நாளில் மாத்திரை உட்கொள்வது வீண் வேலையாகத் தோன்றும். மருந்து நன்றாக வேலை செய்வதால்தான் வலி இல்லை என்பது நோயாளிக்குத் தெரிவதில்லை.

இவை தவிர வேறு தடைகளும் உண்டு. சிலர் வலி மாத்திரையையே போதுமென நம்பி அடிக்கடி வாங்கி உட்கொள்கிறார்கள். அது நெடுநாளில் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும். வேறு சிலர், பதிவு செய்யப்படாத 'மூலிகை' மருந்துகளை நாடுகிறார்கள். அத்தகைய சில பொருள்களில் ஸ்டெராய்டு கலக்கப்பட்டிருப்பதைச் சுகாதார அமைச்சு கண்டறிந்து பலமுறை எச்சரித்துள்ளது. அவை வலியை உடனே அடக்குவதால் 'நல்ல மருந்து' என்று பெயர் பெறுகின்றன; பின்விளைவு பிறகுதான் தெரியும்.

நாட்டிங்காம் நகரின் பாடம்

மேற்கூறிய பள்ளங்களைத் தாண்ட வைப்பது யார்? இக்கேள்விக்கு இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் நடந்த ஆய்வு ஒன்று விடை தந்தது. நாட்டிங்காம் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் டோஹர்ட்டி தலைமையிலான குழு, கௌட் நோயாளிகள் 517 பேரை இரு பிரிவுகளாகப் பிரித்தது. யார் எந்தப் பிரிவில் சேர்வது என்பது குலுக்கல் போன்ற முறையில் முடிவானது. ஒரு பிரிவினர் வழக்கம்போல் தங்கள் குடும்ப மருத்துவரிடம் சென்றனர். மற்றொரு பிரிவினரைக் கௌட் நோய் குறித்துச் சிறப்புப் பயிற்சி பெற்ற தாதியர் கவனித்துக்கொண்டனர்.

அத்தாதியர் மருந்துச் சீட்டோடு தொடங்கவில்லை, உரையாடலோடு தொடங்கினர். நோயாளி இந்நோயைப் பற்றி என்ன நினைக்கிறார், எதற்கு அஞ்சுகிறார் என்று கேட்டனர். நோய் எப்படி வருகிறது, மருந்து என்ன செய்யும், தொடக்கத்தில் வலி ஏன் வரலாம் என்று விளக்கினர். சிகிச்சை வேண்டுமா, எந்த மருந்து என்பதில் நோயாளியும் சேர்ந்து முடிவெடுத்தார். பிறகு வகுக்கப்பட்ட நெறிமுறைப்படி இரத்தத்தைப் பரிசோதித்து, இலக்கை அடையும் வரை மருந்தின் அளவு படிப்படியாகக் கூட்டப்பட்டது.

ஈராண்டுகள் கழிந்தன. தாதியர் கவனித்த பிரிவில் 95 விழுக்காட்டினர் 360 என்னும் இலக்குக்குக் கீழே இருந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 30 விழுக்காட்டினரே அந்நிலையை அடைந்தனர். இரண்டாம் ஆண்டில் இரண்டோ அதற்கு மேலோ வலித் தாக்குதலுக்கு ஆளானவர்கள் தாதியர் பிரிவில் 8 விழுக்காடு. மற்றப் பிரிவில் 24 விழுக்காடு. இம்முடிவுகள் 2018ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தன.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தாதியர் புதிய மருந்து எதையும் கொண்டு வரவில்லை. இரு பிரிவினருக்கும் கிடைத்தவை ஒரே வகையான, ஏற்கெனவே பழக்கத்தில் இருந்த மருந்துகளே. வேறுபட்டது மருந்து கொடுத்த முறைதான். நோயாளிக்கு நேரம் ஒதுக்கப்பட்டது, காரணம் சொல்லப்பட்டது, இலக்கை எட்டும் வரை யாரோ ஒருவர் விடாமல் பின்தொடர்ந்தார். மருத்துவர்களுக்கு அக்கறை இல்லை என்பது இதன் பொருள் அன்று. சில நிமிடங்களில் பல நோய்களைக் கவனிக்க வேண்டிய நெருக்கடியில், வலி நின்ற நோயாளியை அழைத்துப் பேச அவர்களுக்கு நேரம் கிடைப்பது அரிது.

தாதியர் எப்படிப் பேசுகிறார்கள்?

நீண்டகாலச் சிகிச்சையில் இருப்பவர்களிடம் பேசுவதற்கெனச் சில முறைகள் உள்ளன. நம் ஓட்டுநர் கிளினிக்குக்கு மீண்டும் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால், "ஆமாம்" என்ற பதில்தான் வரும். திட்டு வாங்க யாருக்குத்தான் விருப்பம்? அனுபவமுள்ள தாதி வேறு விதமாகக் கேட்பார்.

"ஐயா, தினமும் மாத்திரை போடுவது யாருக்கும் சுலபம் இல்லை. போன வாரத்தில் எத்தனை நாள் தவறியிருக்கும்?"

"நாலு நாள் இருக்கும் மிசி. ராத்திரியில் லாரி ஓட்டுகிறேன். வீட்டில் இருக்கும் நாளில்தான் ஞாபகம் வருகிறது."

"மாத்திரையை வீட்டில் எங்கே வைத்திருக்கிறீர்கள்?"

"அலமாரியில்."

"லாரியில் ஏறுவதற்கு முன்பு தினமும் தவறாமல் செய்யும் வேலை ஏதாவது இருக்கிறதா?"

"சாப்பிட்டுவிட்டு ஒரு தேநீர் குடிப்பேன். அது இல்லாமல் வண்டியை எடுக்க மாட்டேன்."

"அப்படியானால் மாத்திரை அந்தத் தேநீர்க் குவளைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். சாப்பாடு, மாத்திரை, தேநீர். சரியா?"

இவ்வுரையாடலில் தாதி யாரையும் குறை கூறவில்லை. தவறுவது இயல்பு என்று முதலிலேயே ஒப்புக்கொண்டார். அதனால், உண்மையான பதில் கிடைத்தது. சிக்கல் மறதி என்பது தெரிந்தது. அதற்கான தீர்வும் ஓட்டுநரின் அன்றாட வாழ்க்கையிலிருந்தே பிறந்தது. மறதிக்குப் பதிலாக அச்சமே காரணமாக இருந்திருந்தால், தீர்வும் வேறாக இருந்திருக்கும்.

அடுத்து, நோயாளி புரிந்துகொண்டாரா என்பதை உறுதி செய்ய வேண்டும். "புரிந்ததா?" என்று கேட்டால் தலையை ஆட்டிவிடுவோம். வகுப்பில் நாமும் அப்படித்தானே! ஆகவே தாதி, "வீட்டுக்குப் போனதும் உங்கள் மனைவி இந்த மாத்திரை எதற்கு என்று கேட்பார். என்ன சொல்வீர்கள்?" என்று கேட்கிறார். ஓட்டுநர், "வலி மாத்திரை வலியை அடக்கும், இந்த மாத்திரை அந்த ஊசிகளைக் கரைக்கும். கரைய நாளாகும். நடுவில் வலி வந்தாலும் நிறுத்தக்கூடாது" என்று தம் சொந்தச் சொற்களில் கூறினால் பாடம் மனத்தில் பதிந்துவிட்டது என்று பொருள். தடுமாறினால் குறை விளக்கத்தில் இருக்கிறது. தாதி வேறு உவமையைத் தேடுவார்.

மூன்றாவது, எண்ணைக் காட்டுவது. யூரிக் அமிலம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால், இரத்தப் பரிசோதனையின் எண் தெரியும். முதல் மாதம் 560, பிறகு 480, பிறகு 410, பிறகு 350 என்று நோயாளியின் சிறு புத்தகத்தில் எழுதி வந்தால், வலி இல்லாத மாதத்திலும் மருந்து வேலை செய்வதை அவரே பார்க்கலாம். இது இரண்டாவது பள்ளத்தைத் தாண்ட உதவும் பாலம். "இன்னும் ஐம்பது இறங்க வேண்டும்" என்று நோயாளியே சொல்லத் தொடங்கிவிட்டால் சிகிச்சை அவருடையதாகிவிடுகிறது.

தொலைபேசி அழைப்பும் பயன் தரும். சிகிச்சையின் முதல் சில வாரங்களில், "வலி ஏதாவது வந்ததா? மாத்திரை தொடர்கிறதா?" என்று விசாரிக்கும் ஒரு சிறு அழைப்பு, மருந்து குப்பைக்குப் போவதைத் தடுக்கலாம். மருந்து தீர்ந்துபோவதும் பலர் நிறுத்துவதற்கு ஒரு காரணம். நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் மருந்தை அஞ்சல்வழி பெறும் சேவை இருக்கிறது. அதைத் தொலைதூரம் பயணம் செய்யும் ஒருவருக்கு எடுத்துச் சொல்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

எச்சரிக்கையும் அக்கறையே

மருந்தைத் தொடரச் சொல்லும் தாதி, எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் தெளிவாகச் சொல்வார். அலோபூரினோல் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். மிகச் சிலருக்கு மட்டும் தொடக்க வாரங்களில் தோலில் கடுமையான ஒவ்வாமை ஏற்படலாம். அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஒரு குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். அவ்வகை சீன, தாய்லாந்து வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படுகிறது. சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களிடமும் கூடுதல் கவனம் தேவை.

ஆகவே, "மூட்டில் வலி வந்தால் மாத்திரையை நிறுத்தாமல் எங்களை அழையுங்கள். ஆனால், உடம்பில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் ஆகியவற்றில் எது வந்தாலும் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு வாருங்கள்" என்று தாதி இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும். இந்த வேறுபாடு தெரியாத நோயாளி ஒன்று தேவையில்லாமல் அஞ்சுவார். அல்லது அஞ்ச வேண்டிய இடத்தில் அசட்டையாக இருப்பார்.

வீட்டில் நம் பங்கு

உங்கள் வீட்டிலோ உறவிலோ கௌட் உள்ளவர் ஒருவர் இருக்கலாம். அவருக்கு வலி வரும்போது கேலி செய்யாமல் இருப்பதே முதல் உதவி. மலாய் அல்லது ஆங்கிலத்தில் அச்சிட்ட மருந்து உறையைத் தாத்தாவுக்குத் தமிழில் படித்துக் காட்டலாம். ஏழு நாள்களுக்கு ஏழு அறைகள் கொண்ட மாத்திரைப் பெட்டியை ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரோடு சேர்ந்து நிரப்பலாம். அடுத்த இரத்தப் பரிசோதனை எந்த நாள் என்பதை நாள்காட்டியில் குறித்து வைக்கலாம். ஆனால், மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின் பொறுப்பு. அதில் நாம் தலையிடக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரரின் மருந்தையும் கொடுக்கக்கூடாது.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு அவர் நிறுத்தவில்லை. அருகிலிருந்து கவனிப்பவரையும் நான்காவதாகச் சேர்த்தார். கௌட் நோயில் முதல் மூன்றும் நீண்ட காலமாகவே இருந்து வருகின்றன. நான்காவது கூறு சேர்ந்தபோது என்ன நடந்தது என்பதை நாட்டிங்காம் நகரின் எண்கள் காட்டின.

நம் லாரி ஓட்டுநரின் கேள்விக்கு வருவோம். "வலிதான் நின்றுவிட்டதே, இன்னும் எதற்கு மாத்திரை?" அது அறியாமையால் எழுந்த கேள்வி அன்று, விடை தேவைப்பட்ட கேள்வி. அதைக் கேட்டுச் சிரிக்காமல், நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே அமர்ந்து விடை சொல்ல ஒருவர் இருந்தால், அவர் அடுத்த ஆண்டும் வலியின்றி ஈப்போவுக்குச் சரக்கு ஏற்றிச் செல்வார்.

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. வலி நிற்பதும் நோய் தீர்வதும் ஒன்றல்ல என்பதைக் கட்டுரையாளர் எந்த உவமையின் மூலம் விளக்குகிறார்? அவ்வுவமை பொருத்தமானதா?

2. சிகிச்சையின் தொடக்கத்தில் வலி வந்ததால் மாத்திரையை நிறுத்திய உறவினர் ஒருவருக்கு நீங்கள் என்ன கூறுவீர்கள்?

3. "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?", "போன வாரத்தில் எத்தனை நாள் தவறியிருக்கும்?" ஆகிய இரு கேள்விகளுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

4. நாட்டிங்காம் ஆய்வில் இரு பிரிவினருக்கும் ஒரே வகையான மருந்துகள் கிடைத்தும் முடிவுகள் வேறுபட்டது ஏன்?